லாக் ஃபைலுக்கு இடம் தேடிய அனுபவம்

கடைகளுக்கான சின்ன பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பைத்தானில் எழுதி, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கொடுத்து வருகிறேன். நிரல் என்ன செய்தது, எங்கே பிழை வந்தது என்று குறித்துவைக்கும் லாக் ஃபைலை எங்கே வைப்பது என்று ஆரம்பத்தில் யோசிக்கவே இல்லை. நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுத விட்டிருந்தேன். என் கணினியில் நன்றாகத்தான் ஓடியது.

முதல் கடையில் நிறுவிய அன்றே போன் வந்தது. "சார், ஐகானைத் தட்டுறேன், ஒண்ணுமே வரல." இன்ஸ்டாலர் அதை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்திருந்தது. அங்கே எழுத சாதாரணப் பயனருக்கு அனுமதி கிடையாது. என் நிரல் எழுந்ததும் செய்யும் முதல் வேலையே லாக் ஃபைலைத் திறப்பது. அது முடியாமல் போக, மொத்தமும் நின்றுவிட்டது. என்ன ஆனது என்று பார்க்க லாக்கும் இல்லை. "அட்மினா ரன் பண்ணுங்க" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. பில் போடும் நிரலுக்கு எதற்கு அவ்வளவு அதிகாரம்?

சரி என்று டாக்குமென்ட்ஸுக்கு மாற்றினேன். கடைக்காரர் ஒருவர் ஏதோ வேண்டாத ஃபைல் என்று அழித்துவிட்டார். அவர் செய்தது நியாயம்தான். அது அவருடைய இடம். அப்புறம், விண்டோஸில் செயலிகள் தங்கள் தரவை வைக்கும் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் என்ற ஃபோல்டருக்கு மாற்றினேன். ஓர் அலுவலகத்தில் பயனர் புரொஃபைல்கள் சர்வரில் இருந்தன. லாகின் செய்யும்போதும் வெளியேறும்போதும் ரோமிங் ஃபோல்டர் நெட்வொர்க் வழியே போய் வரும், கூடவே என் லாக்கும். அதன் பிறகுதான் பக்கத்திலேயே இருந்த லோக்கல் ஃபோல்டருக்கு வந்தேன். அந்தக் கணினியோடு நிற்க வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும்.

மேக்கில் குழப்பமே இல்லை: பயனரின் லைப்ரரிக்குள் லாக்ஸ். அங்கே வைத்தால் கன்சோல் செயலியிலேயே படிக்கலாம்.

லினக்ஸில்தான் நிறைய யோசித்தேன். கணினியின் பொது லாக்குகள் இருக்கும் வார் லாக் ஃபோல்டர் ரூட்டுக்கு, அதாவது நிர்வாகிக்கு உரியது, பயனர் திறக்கும் செயலிக்கு ஆகாது. தற்காலிகத் தரவுக்கான கேஷ் ஃபோல்டரில் வைத்தால் எப்போது வேண்டுமானாலும் துடைக்கப்படலாம். பிழை வந்த மறுநாள் லாக் இல்லை என்றால் என்ன பயன்? செயலிகள் எந்த ஃபைலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்டிஜி விதிமுறையின் 0.8 பதிப்பு 2021இல் 'ஸ்டேட்' என்று தனி இடம் ஒதுக்கியது. ஹோமில் மறைந்திருக்கும் லோக்கல் ஃபோல்டருக்குள் ஸ்டேட். லாக்கையே உதாரணமாக அங்கே சொல்லியிருப்பதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது.

இதையெல்லாம் கையால் எழுத வேண்டியதில்லை, பிளாட்ஃபார்ம்டிர்ஸ் நூலகம் மூன்றுக்கும் சரியான பாதையைத் தருகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: விண்டோஸில் ஆத்தர் (உருவாக்கியவர்) பெயர் கொடுக்காவிட்டால் செயலியின் பெயரே பாதையில் இரண்டு தடவை வரும். ஆத்தர் பெயருக்குப் பதில் ஃபால்ஸ் என்று கொடுத்தால் சரியாகிவிடும். லாக் நிரம்பியதும் அதை ஒதுக்கிவிட்டுப் புது ஃபைல் தொடங்கும் பைத்தானின் ரொட்டேட்டிங் ஹேண்ட்லரில் அளவு வரம்பும் நீங்களே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஃபைல் வளர்ந்துகொண்டே போகும். நான் 1 எம்பி வீதம் 5 பழைய ஃபைல்கள் வைத்திருக்கிறேன். லாக்கைத் திறக்க முடியாவிட்டாலும் இப்போது நிரல் நிற்காமல் ஓடும்.

இன்னொரு சிக்கல் மிச்சம் இருந்தது. ஆப்டேட்டாவும் சரி, மேக்கின் லைப்ரரியும் சரி, சாதாரணமாகக் கண்ணில் படாது. போனில் வழி சொல்லிச் சொல்லிக் களைத்து, உதவி மெனுவில் 'லாக் ஃபோல்டரைத் திற' என்று ஒரு வரி சேர்த்தேன். போன வாரம் ஓர் அக்கா அதை அழுத்தி, ஃபைலை வாட்ஸப்பில் அனுப்பினார். கடைசி வரியில் பிரிண்டர் கிடைக்கவில்லை என்று இருந்தது. கேபிளைச் சரியாகச் செருகச் சொன்னேன், பில் வந்துவிட்டது.