பழைய டெஸ்க்டாப்பில் எதை மாற்றினேன், எதைத் தொடவில்லை

என்னிடம் இருப்பது 2014 காலத்து டெஸ்க்டாப். இன்டெல் ஐ5-4460 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் குளித்து வந்தாலும் பிரவுசர் திறந்து முடித்திருக்காது. ரேம் போடு என்றார் ஒருவர், தூக்கிப் போடு என்றார் இன்னொருவர். ஆளுக்கு ஒரு பதில் சொன்னதால், எதையும் வாங்குவதற்கு முன் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஓரமாக வைத்துவிட்டு வழக்கமான வேலைகளைப் பார்த்தேன்.

பிராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருந்தது. ஆனால் டிஸ்க் கட்டத்தில் 100 சதவீதம். அதே நேரத்தில் படிக்கும் வேகம் என்று பார்த்தால் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான். முரண்பாடு மாதிரி தெரியும், ஆனால் இல்லை. ஹார்டு டிஸ்க்கின் உள்ளே நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று சுற்றவே 8 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி முள் ஓடும்போது, நொடிக்கு நூறு ஃபைலைத் தொடுவதே பெரிய விஷயம். விண்டோஸ் துவங்கும்போது கேட்பதெல்லாம் அந்த மாதிரி துண்டு துண்டான ஃபைல்கள்தான். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி வெறும் சிப்களால் ஆனது, அதில் சுழல எதுவும் இல்லை. விளம்பரத்தில் போடும் நொடிக்கு 550 எம்பி வேகத்தைவிட இந்தக் காத்திருப்பு ஒழிவதுதான் நமக்கு லாபம்.

இந்த போர்டில் எஸ்எஸ்டியை நேராகச் செருகும் எம்.2 ஸ்லாட் கிடையாது, அதனால் ஹார்டு டிஸ்க் மாதிரியே கேபிளில் மாட்டும் சாட்டா எஸ்எஸ்டிதான் வழி. எச்81 சிப்செட்டில் சாட்டா போர்ட் மொத்தம் நான்கு, அதில் இரண்டுதான் 6 ஜிபிபிஎஸ். கேபினெட்டைத் திறந்தால், வேகமான போர்ட் ஒன்றைப் பல வருடமாக யாரும் தொடாத டிவிடி டிரைவ் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி மெதுவான போர்ட்டுக்கு மாற்றிவிட்டு, அந்த இடத்தில் எஸ்எஸ்டியைச் செருகினேன். ஆள் மாறிய மாதிரி ஆகிவிட்டது கம்ப்யூட்டர்.

ரேம் விஷயத்தில் கொஞ்சம் தயங்கினேன். டிடிஆர்3-ஐ அடுத்த கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போக முடியாது, டிடிஆர்4 ஸ்லாட்டில் அதன் வெட்டே பொருந்தாது. ஆனால் பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் திறந்தாலே 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. போர்டில் இரண்டு ஸ்லாட், உச்ச அளவு 16 ஜிபி, ஒரு ஸ்லாட் காலி. பழைய ரேம் மலிவாகக் கிடைத்ததால், அதே வேகத்தில் பயன்படுத்திய 8 ஜிபி ஒன்று வாங்கிப் போட்டேன். ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ஓடவிட்டுப் பிழை ஏதும் வரவில்லை என்று பார்த்த பிறகே நம்பினேன். பழைய ரேம் வாங்குபவர்கள் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

அதே சாக்கெட்டில் ஐ7-4790 என்ற இன்னும் வேகமான பிராசஸர் உட்காரும், எட்டு த்ரெட் கிடைக்கும், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலையை ஓட்டலாம். ஆசைதான். ஆனால் சும்மா இருக்கும் பிராசஸரை மாற்றி என்ன ஆகப் போகிறது? அதற்குப் பதிலாக கூலரைக் கழற்றினேன். பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. துடைத்துப் புதிதாகத் தடவி, கூலரின் நான்கு பின்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்தி மாட்டினேன். வரிசையாக அழுத்தினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். விசிறிச் சத்தம் அன்றே அடங்கியது.

கிராபிக்ஸ் கார்டு பக்கம் போகவில்லை. நான் கேம் ஆடுவதில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரைதான் கிடைக்கும். அதற்கு மேல் இழுக்கும் கார்டென்றால் தனி பவர் கேபிள் வேண்டும், கேபிள் வேண்டுமென்றால் பவர் சப்ளையை மாற்ற வேண்டியிருக்கும். ஒன்றை வாங்கினால் இன்னொன்றையும் வாங்க வைக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

விண்டோஸ் 11 அந்த வகைதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர். என்னுடையது நான்காம் தலைமுறை. மதர்போர்டை மாற்றினால் பிராசஸர், ரேம் எல்லாம் மாறும், அப்புறம் அது புதுக் கம்ப்யூட்டர்தானே. குறுக்குவழியில் 11-ஐ ஏற்றலாம் என்கிறார்கள், எனக்கு அதில் மனசில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுவிட்டேன். பிரவுசர், லிப்ரே ஆஃபீஸ், பிரின்டர் எல்லாம் சரியாக ஓடுகின்றன.

பவர் சப்ளை மட்டும் யோசனையில் இருக்கிறது. அதற்கும் இதே வயதுதான், போகும்போது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடியது அது. பொதுவான அளவான ஏடிஎக்ஸில் நல்ல சப்ளையை எஸ்எஸ்டி மாதிரியே அடுத்த கம்ப்யூட்டருக்கும் எடுத்துப் போகலாம் என்பதால், அநேகமாக அடுத்து வாங்குவது அதுவாகத்தான் இருக்கும்.