ஒரு விளக்கு, இரண்டு கொப்பி

2012ஆம் ஆண்டு கனடாவில் நடந்த நமது பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு விழாவிலிருந்து நான் பாதியில் எழுந்து போனேன். அன்று மண்டபத்தில் இருந்தவர்களில் சிலருக்கு அது நினைவிருக்கும். கேட்டவர்களிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. மங்கள விளக்கு ஏற்ற அழைக்கப்பட்ட 12 பேரில் என் பெயர் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

இரண்டு வருடம் சங்க வேலையாக ஓடித் திரிந்தவன் நான். மண்டபம் பிடித்தது, ரிக்கெட் விற்றது, விழா மலருக்கு விளம்பரம் சேர்த்தது, விடிய விடிய இருந்து எழுத்துப் பிழை பார்த்தது எல்லாம் என் கையால் நடந்தது. ஒலிவாங்கியில் ஒவ்வொரு பெயராக வாசிக்க வாசிக்க, அடுத்தது நான்தான் என்று சால்வையைச் சரிசெய்துகொண்டு கதிரை நுனியில் இருந்தேன். பன்னிரண்டாவது பெயரும் முடிந்தது. நாதஸ்வர இசையைப் போட்டார்கள். பட்டியலை எழுதியவன் என் வகுப்புத் தோழன். ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை எட்டு வருடம் ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்தவன். சாப்பாட்டுக்கு முன்பே மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு காருக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து 11 வருடம் அவனோடு கோவம்.

நம் ஊரில் கோவம் என்றால் கதை பேச்சு இல்லை என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகள் காலையில் கோவம் போட்டுப் பின்னேரம் நேசமாகிவிடுவார்கள். நாற்பதை நெருங்கும் வயதில் போட்ட கோவத்துக்கு அந்த வழி தெரியவில்லை. எதிரே வந்தால் கடையில் அடுத்த வரிசைக்குத் திரும்பினேன். செத்தவீட்டில் கண்டால் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவனும் நானும் எப்படி இருந்தோம் என்பதைச் சொல்லாவிட்டால் இது விளங்காது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை. போத்தல் கணக்கில் வாங்கிய மண்ணெண்ணெயைக் கரண்டிக் கணக்கில் செலவழித்தோம். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் இழுத்துவிட்ட நூல் திரி. அதுதான் விளக்கு. இரண்டு வீட்டில் இரண்டு விளக்கு எரிப்பானேன் என்று அவனுடைய அம்மா சொன்னதால், இரவில் நான் என் கொப்பிகளோடு அவர்கள் வீட்டு விறாந்தைக்குப் போய்விடுவேன். அவன் இடது கைக்காரன். எனக்கு வலது கை. விளக்கை நடுவில் வைத்து அதற்கு வலப்பக்கத்தில் நானும் இடப்பக்கத்தில் அவனும் இருந்தால், இரண்டு பேரின் கை நிழலும் எழுத்தின் மேல் விழாது. இதைக் கண்டுபிடித்தவன் அவன்தான். பிரயோக கணிதம் முழுவதையும் அந்த வெளிச்சத்தில்தான் செய்து முடித்தோம். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும்.

வகுப்பில் நான் முதலாம் பிள்ளை. ஆறாம் வகுப்பில் பிடித்த இடத்தை விடவே இல்லை. அவன் மூன்றாவதாக வருவான், ஐந்தாவதாக வருவான், ஒருமுறை பதினொன்றாவதாகவும் வந்தான். றிப்போட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவான். எனக்கு ஒருமுறை இரண்டாவது இடத்துக்கும் எனக்கும் இடையில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம் என்று தெரிந்தபோது இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கெப்பர், அதாவது தலைக்கனம், என்று பெடியங்கள் சொன்னார்கள். எனக்கு அது கெப்பராகத் தெரியவில்லை, என் நியாயமான இடமாகத்தான் தெரிந்தது.

எங்கள் சைவசமய ஆசிரியரை அந்தக் காலத்து மாணவர் ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். மும்மலம், அதாவது உயிரைப் பிடித்திருக்கும் ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று அழுக்கு, படிப்பித்த அன்று வீட்டிலிருந்து ஒரு பழைய செம்பைக் கொண்டுவந்தார். முழுக்கப் பச்சைக் களிம்பு. புளியைப் போட்டு ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்து எங்களுக்குக் காட்டினார்.

"களிம்பை ஆரும் வெளியிலையிருந்து கொண்டுவந்து பூசேல்லை. செம்பு எண்டைக்கு உண்டோ அண்டைக்கே அதுவும் உண்டு. ஆணவமும் உயிருக்கு அப்பிடித்தான். கூடவே இருக்கிறது."

அப்புறம் சைவ சித்தாந்த நூல்கள் எழுதிய உமாபதி சிவாசாரியார் சொன்ன ஒன்றைச் சொன்னார். இருட்டு எல்லாப் பொருளையும் மறைக்கும், ஆனால் தான் இருட்டு என்பதைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஆணவம் மற்றதையும் மறைத்துத் தன்னையும் மறைத்துவிடும். என் தோழன் கையை உயர்த்தினான்.

"அப்ப முத்தியடைஞ்சால் ஆணவம் செத்துப்போகுமோ சேர்?"

"சாகாது. சத்தி கெட்டு அடங்கிக் கிடக்கும். சூரியன் வந்தாப் பிறகு இருட்டு நிக்கிற மாதிரி."

தவணைச் சோதனையில் அந்தக் கேள்விக்கு வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான் கிடைத்தது. விடைத்தாளை வாங்கு வாங்காகக் கொண்டுபோய்க் காட்டினேன். இன்று நினைத்தாலும் முகம் சுடுகிறது.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரையும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பின்னேரம் தொடங்கிய சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி இரவு முழுவதும் நகர்ந்தது. மழை. ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்கு எவ்வளவு நேரம் நிற்கவேண்டுமென்று தெரியாது. தண்ணீர் விடாய்க்குக் குடையை மறுபக்கம் கவிழ்த்து மழையை ஏந்திக் குடித்தார்கள். அம்மா ஒரு சூட்கேசைத் தூக்கினா. என் சைக்கிளில் உடுப்பு மூட்டையும் அரிசியும். சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்ட, பொலித்தீன் பையில் சுற்றிய என் சான்றிதழ்கள்: பரிசளிப்பு விழாப் பத்திரங்கள், றிப்போட்டுகள், உயர்தரப் பெறுபேறு. பாலம் தாண்டும்வரை ஒரு கையால் அதைப் பொத்திப் பிடித்தபடியே வந்தேன்.

அந்தப் பையைப் பற்றி நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஊரே இடம்பெயர்ந்த இரவில் என் படிப்பைக் காப்பாற்றிக் கொண்டுவந்தேன் என்று சொல்லுவேன். கேட்பவர்கள் உருகுவார்கள்.

1998இல் கனடாவுக்கு வந்தேன். ஸ்காபரோவில் ஒரு வேலை முகவர் நிலையத்தில் அந்தச் சான்றிதழ்க் கோப்பை மேசையில் வைத்தேன். அங்கிருந்தவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பாதுகாப்புச் சப்பாத்து இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அன்று இரவே பெட்டி அடுக்கும் வேலை. மேற்பார்வையாளருக்கு என் பெயர் வாயில் வரவில்லை, தனக்கு வசதியான ஒரு பெயரை வைத்து அழைத்தார். நான்கு வருடம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன். பிறகு இரவுக் கல்லூரி, படிப்பு, இப்போது கட்டட வேலைகளுக்குச் செலவு மதிப்பிடும் உத்தியோகம். குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பெரிய நாட்டில் நான் முதலாம் பிள்ளை என்பது தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது நமது சங்கம். அங்கேயும் என் பெயர் வாசிக்கப்படவில்லை என்றபோது எனக்கு என்ன நடந்தது என்பதை இப்போது ஓரளவு சொல்ல முடிகிறது. அன்று சொல்லத் தெரியவில்லை. சங்கத்தின் யாப்பு விதிகள் பிழை, கணக்கு பிழை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேறொரு சங்கம் தொடங்கலாம் என்று சிலர் கூடியபோது அந்தக் கூட்டத்துக்கும் போனேன். புலம்பெயர்ந்த நாடுகளில் ஒரே பாடசாலைக்கு இரண்டு சங்கம் இருப்பதைக் காணும்போதெல்லாம் இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: யாப்பையும் கணக்கையும் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் அடியில் வாசிக்கப்படாத ஒரு பெயர் கிடக்கும். எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்லவில்லை. நான் போன கூட்டத்தில் அப்படித்தான் இருந்தது.

இதற்கிடையில் ஈகோவை அழி, ஈகோவைக் கொல் என்ற சொற்பொழிவுகளைக் காரில் கேட்டபடி வேலைக்குப் போவேன். தியான வகுப்புக்கும் போனேன். ஒன்றும் அழியவில்லை. மற்றவர்களைவிட நான் பக்குவப்பட்டவன் என்ற எண்ணம்தான் வளர்ந்தது.

2023 தை மாதம். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு பற்றி ஒரு ஒப்படை. ஒரு தாளில் கட்டம் கீறி, யார் யார் இடம்பெயர்ந்தார்கள், யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று நிரப்பிக்கொண்டிருந்தாள். அப்பா: சேர்ட்டிபிக்கற். அப்பம்மா: சூட்கேஸ். அடுத்த கட்டத்தில் என் அம்மம்மாவின் பெயரை எழுதிவிட்டு, "அவவுக்கு அப்ப எத்தனை வயசு?" என்று கேட்டாள்.

"எண்பத்திரண்டு. நடக்க மாட்டா."

"அப்ப அவவை ஆர் கொண்டுவந்தது?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவனுடைய பெயரைச் சொல்லி 11 வருடமாகியிருந்தது.

அவன்தான் கொண்டுவந்தான். தாய் தகப்பனை மாமாவின் உழவு இயந்திரத்தில் ஏற்றிவிட்டு, எங்களைத் தேடிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்கு வந்தான். சைக்கிள் கரியரில் தலையணை வைத்து அம்மம்மாவை இருத்தி, போர்வையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, இரவு முழுவதும் தள்ளிக்கொண்டு வந்தான். கரியரில் அம்மம்மா இருந்ததால் அவனுடைய சான்றிதழ்க் கோப்பு வைக்க இடமில்லாமல் வீட்டிலேயே போய்விட்டது. பிறகு கொழும்பிலிருந்து பிரதி எடுக்க மாதக்கணக்கில் அலைந்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. நான் சொன்ன கதையில் மட்டும் இருக்கவில்லை. என் பை இருந்தது, மழை இருந்தது, பாலம் இருந்தது. அம்மம்மாவும் அவனும் இல்லை. தன்னையும் மறைக்கும் என்று சேர் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மகளிடம் அவனுடைய பெயரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டிக் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் உள்ள அவன் வீட்டுக்குப் போனேன். போன் எடுக்காமல்தான் போனேன், எடுத்தால் பிறகு பார்ப்போம் என்று வைத்துவிடுவேன் என்ற பயம். கதவைத் திறந்தவன் ஒரு கணம் பார்த்தான். "உள்ளுக்கு வா மச்சான், குளிருது" என்றான்.

பிளேன்ரீ வந்தது. நான் எதையும் சுற்றிவளைக்கவில்லை.

"அண்டைக்கு விளக்குக்கு என்னைக் கூப்பிடேல்லை எண்டுதான் நான் எழும்பிப் போனனான்."

"தெரியும்" என்றான். கோப்பையைக் கையில் வைத்து உருட்டினான். "அவசரத்திலை எழுதின பட்டியல். நீ மேடைக்குப் பின்னாலை வேலையிலை நிப்பாய் எண்டு நினைச்சு விட்டிட்டன். என்ர பிழைதான். அடுத்த நாள் உனக்குப் போன் எடுக்க வெளிக்கிட்டனான். பிறகு, இதுக்கெல்லாம் கோவிக்கிறவனுக்கு நான் ஏன் எடுக்கவேணும் எண்டு வைச்சிட்டன். மூண்டு தரம் அப்பிடி."

"அம்மம்மாவைக் கொண்டுவந்ததுக்கு நான் உனக்கு ஒருநாளும் ஒண்டும் சொல்லேல்லை."

அவன் சிரித்தான். "அவ வழி முழுக்க என்னைப் பேசிக்கொண்டெல்லோ வந்தவ. சைக்கிளை ஆட்டாதையடா, ஆட்டாதையடா எண்டு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

அன்றிலிருந்து அந்தப் பையைப் பொத்திப் பிடித்த பெடியனை நான் ஏசுவதில்லை. அவனுக்கு அப்போது இருபது வயது. வீடு போய்விட்டது, ஊர் போய்விட்டது, நான் இன்னார் என்று சொல்ல அவன் கையில் இருந்தது அந்தத் தாள்கள் மட்டும்தான். அவனைக் கொல்லச் சொல்லி யாராவது சொற்பொழிவு செய்தால் நான் கேட்க மாட்டேன். அவன் எங்கே இருக்கிறான், எப்போது பையை இறுக்கிப் பிடிக்கிறான் என்று தெரிந்தால் எனக்குப் போதும். பெரும்பாலும் பெயர்கள் வாசிக்கும் நேரத்தில்தான் பிடிக்கிறான்.

சென்ற வருட விழாவிலும் பிடித்தான். முதல் பெயர் வாசித்தபோதே நெஞ்சுக்குள் அந்தப் பழைய இறுக்கம் வந்தது. சரி, வந்துவிட்டாய், பக்கத்தில் இரு என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது பெயருக்குப் பிறகு நான் எண்ணுவதை மறந்துவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் திரைக்குப் பின்னால் குத்துவிளக்கோடு நின்றோம். மேடைக்குக் கொண்டுபோகுமுன் ஐந்து முகத்திலும் எண்ணெய் விடும் பொறுப்பு எங்களுடையது.

"திரி நுனி நனைஞ்சிருக்கோ எண்டு பார்" என்றான், போத்தலை இடது கையில் பிடித்தபடி. நான் விளக்கின் மற்றப் பக்கம் போய் ஒவ்வொரு திரியாக விரலால் தொட்டுப் பார்த்தேன்.