திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி: தில்லை தரிசனமும் அடுப்படிக் கணக்கும்

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் கிளம்புகிறவர்கள் ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். ஆங்கில நாள்காட்டியை நம்பினால் ஏமாந்துபோவோம். 2023-இல் ஜனவரி 6, டிசம்பர் 27 என இரண்டு முறை ஆருத்ரா தரிசனம், அதாவது திருவாதிரைத் தரிசனம், வந்தது. 2024-இல் ஒன்றுகூட இல்லை. அதற்கடுத்தது 2025 ஜனவரி 13-இல்தான் வந்தது. மார்கழி மாதமும் திருவாதிரை நட்சத்திரமும் சேரும் நாள் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டியே வரும். மார்கழி தொடக்கத்தில் விழுந்தால் டிசம்பர், கடைசியில் விழுந்தால் பொங்கலுக்கு முந்தைய நாளாகக்கூட இருக்கும்.

தில்லையில், அதாவது சிதம்பரத்தில், இது பத்து நாள் உற்சவம். ஐந்தாம் நாள் தெருவை அடைத்து வரும் தெருவடைச்சான் சப்பரம், எட்டாம் நாள் பிச்சையேற்கும் கோலச் சிவனான பிட்சாடனர் புறப்பாடு, ஒன்பதாம் நாள் தேர். பிள்ளையார், முருகன், நடராஜர், சிவகாமசுந்தரி, சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள் நான்கு வீதிகளிலும் வலம் வரும். மற்ற தலங்களில் மூலவர் உள்ளேயே இருக்க உற்சவர்தான் வீதிக்கு வருவார். இங்கே கருவறையான சிற்சபையில் ஆடுகிற நடராஜரே தேரேறுகிறார். அதுவும் ஆண்டுக்கு இரண்டே முறை, ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும். தேர் நிலைக்கு வந்ததும் சுவாமி ஆயிரங்கால் மண்டபமான ராஜசபைக்கு எழுந்தருளுவார். இரவு லட்சார்ச்சனை, விடிவதற்கு முன் மகாபிஷேகம், பிறகு திருவாபரண அலங்காரம். பிற்பகலில் நடராஜரும் அம்பாளும் முன்னும் பின்னுமாக ஆடியபடி சிற்சபைக்குள் புகுவதுதான் தரிசனம்.

அபிஷேகம் விடியலில், தரிசனம் பிற்பகலில். நடுவில் பல மணி நேரம். இரண்டையும் பார்த்தே தீருவேன் என்று வயதானவர்களையும் குழந்தைகளையும் இழுத்துப் போய், பனியில் நனைந்த கல்தரையில் விடிய விடிய உட்கார வைப்பது வேண்டாத வேலை. ஒன்றைத் தேர்ந்துகொள்வது நல்லது. இரவே வந்துவிடுகிறவர்களுக்கு அபிஷேகம், காலையில் வீட்டில் படைத்துவிட்டுக் கிளம்புகிற அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தரிசனம். மயிலாடுதுறை, கடலூர்ப் பக்கத்துக்காரர்கள் பலர் செய்வது இரண்டாவது. அவர்களுக்குத்தான் அடுப்படிக் கணக்கு முக்கியம். சூரிய உதயத்துக்குள் களியும் தாளகக் குழம்பும் படைத்தாக வேண்டும், பதறாமல் வண்டியும் ஏற வேண்டும்.

களி எப்படி இந்த நாளின் உணவானது என்பதற்குச் சேந்தனார் கதையைச் சொல்வார்கள். விறகு விற்று, வந்த காசில் தினம் ஓர் அடியாருக்கு அமுது படைத்தவர். அடைமழையில் விறகு நனைந்து விலைபோகாத நாளில், இருந்த அரிசியை மாவாக்கிக் களி கிண்டி வைத்தார். அடியார் வேடத்தில் வந்தவர் அதை உண்டுவிட்டுப் போக, மறுநாள் நடராஜர் சந்நிதியில் களி சிதறிக் கிடந்ததாம். சேற்றில் அழுந்திய தேர், அவர் திருப்பல்லாண்டு என்ற வாழ்த்துப் பாடலைப் பாடியவுடன் நகர்ந்ததும் அந்தக் கதையின் தொடர்ச்சிதான். இதைத் தெரிந்துகொண்டும் களியில் பாலும் பாதாமும் கண்டன்ஸ்டு மில்க்கும் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். களி ஏழை வீட்டுப் பண்டம். அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய், கொஞ்சம் நெய். அதைத் தாண்டினால் அது சர்க்கரைப் பொங்கலின் தங்கை ஆகிவிடும்.

ஐந்தாறு பேருக்குக் கணக்கு இது. பச்சரிசி 1 டம்ளர் (200 கிராம்), பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டி, பொடித்த வெல்லம் ஒன்றரை டம்ளர், தண்ணீர் 3 டம்ளர், தேங்காய்த் துருவல் அரை டம்ளர், நெய் 4 மேசைக்கரண்டி, ஏலக்காய் 4, முந்திரி 10, உப்பு ஒரு சிட்டிகை. புது அரிசி என்றால் தண்ணீரில் கால் டம்ளரைக் குறைக்க வேண்டும். மார்கழியில் கடைக்குப் புது அரிசி வரத் தொடங்கியிருக்கும், கேட்டு வாங்குவது நல்லது.

களியின் தலையெழுத்து வறுவலில் இருக்கிறது. அரிசியைக் கழுவி வடித்து, துணியில் உலர்த்தி, அடிகனமான வாணலியில் எண்ணெயோ நெய்யோ விடாமல் மிதமான தீயில் வறுக்க வேண்டும். முதலில் வெள்ளையாக உப்பும், பிறகு மெல்லச் சிவக்கும். ஒன்றிரண்டு மணி பொரியத் தொடங்கும்போது நிறம் எல்லா மணிகளிலும் ஒன்றுபோல் இருந்தால் போதும், உடனே வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிக் கசக்கும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும். வறுவல் போதாத அரிசி வேகும்போது பசை விடும், களி உதிராமல் கூழாகும். பாசிப்பருப்பைத் தனியாக, வாசனை வரும்வரை வறுத்தால் போதும்.

நன்றாக ஆறிய பிறகு இரண்டையும் ரவையாக உடைக்க வேண்டும். மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றுவதே சரி, தொடர்ந்து ஓடவிட்டால் பாதி மாவாகிவிடும். உடைத்ததைச் சலித்து, கீழே விழும் மாவைத் தனியே எடுத்து வைத்து அடைக்கோ கஞ்சிக்கோ பயன்படுத்திக்கொள்ளலாம். பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது இந்தச் சலிப்புதான். களி கட்டி தட்டுவதற்கும் வாயில் ஒட்டுவதற்கும் அந்த மாவே காரணம். இதுவரையிலான வேலை எல்லாவற்றையும் முதல் நாளே, ஏன், ஒரு வாரம் முன்னாலேயே முடித்து டப்பாவில் போட்டு வைக்கலாம். விடியற்காலையில் மிச்சமிருப்பது முக்கால் மணி நேர வேலைதான்.

கிண்டுவதில் இரண்டு வழக்கம் உண்டு. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கொதிக்கும்போது ரவையைத் தூவிக் கிளறுவது பழைய முறை. சுவை இதில்தான் கூடுதல். ஆனால் வெல்லக் கரைசலில் அரிசி மெதுவாகத்தான் ஊறி வேகும், ஏனென்றால் இனிப்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கரைசல் கெட்டியாக இருந்தால் ரவை எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் நறுக் நறுக்கென்றே நிற்கும். மூன்று டம்ளர் தண்ணீரையும் முழுதாக ஊற்றி, பாகு ஏறும் முன்பே ரவையைப் போட வேண்டும். தூவும்போது தீ முழுக்கக் குறைந்திருக்க வேண்டும், ஒரு கை தூவ மறு கை கிளற வேண்டும். பிறகு மூடி, சிறு தீயில் பதினைந்து நிமிடம் வேகவிடலாம். நடுவில் இரண்டு முறை அடியோடு புரட்டிவிட்டால் போதும்.

புதிதாகச் செய்கிறவர்களுக்கு இரண்டாவது முறையே பத்திரம். இரண்டரை டம்ளர் தண்ணீரில் உப்பும் ஒரு கரண்டி நெய்யும் விட்டு ரவையைக் குக்கரில், பாத்திரத்துக்குள் வைத்து 3 விசில் விட வேண்டும். மீதி அரை டம்ளர் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, பச்சை வாசனை போகும்வரை மட்டும் கொதிக்கவிட வேண்டும். கம்பிப் பதம் வந்துவிட்டால் சூட்டில் நன்றாகத்தான் இருக்கும், ஆறியதும் களி கல்லாகிவிடும். வெந்த ரவையைக் கரண்டிக் காம்பால் உதிர்த்து, பாகில் சேர்த்து, தேங்காய், ஏலப்பொடி, மீதி நெய் என்று ஐந்தாறு நிமிடம் கிளற வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டாமல் திரண்டு வந்து, ஆறியதும் தானாக உதிர்ந்தால் அது களி. முந்திரி வறுத்துப் போடுவது அவரவர் விருப்பம். வெல்லத்தை எந்த முறையிலும் வடிகட்டாமல் போடக் கூடாது. பார்க்கச் சுத்தமான அச்சு வெல்லத்தில்கூட மண் இருக்கும்.

களி இனிப்பு. தாளகம் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும் புளிப்பும் காரமும். ஏழுகறிக் கூட்டு, திருவாதிரைக் குழம்பு என்றும் ஊருக்கு ஒரு பெயர். காய்கள் ஒற்றைப்படையில், குறைந்தது ஏழு. அவரை, கத்தரி, வாழைக்காய், பரங்கி, பூசணி, சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி, கொத்தவரை, பச்சை மொச்சை இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் நாட்டுக் காய் கணக்கில் வராது. வெங்காயம், பூண்டு கிடையாது. மொச்சையும் கிழங்குகளும் மார்கழியில்தான் சந்தைக்குக் குவிகின்றன, பண்டிகைச் சமையல் பருவத்தோடுதான் போகிறது.

ஒரு கிலோ காய்க்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி, வேகவைத்த துவரம்பருப்பு அரை டம்ளர். வறுத்து அரைக்க தனியா 2 மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு 1 மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் 8, பச்சரிசி 1 தேக்கரண்டி, எள் 2 தேக்கரண்டி, தேங்காய் அரை மூடி. எள்ளைத் தனியாக, கடைசியாக வறுக்க வேண்டும். படபடவென்று வெடித்ததும் இறக்கிவிட வேண்டும். பருப்போடு சேர்த்து வறுத்தால் பருப்பு சிவப்பதற்குள் எள் கருகி, குழம்பு முழுக்கக் கசப்பு ஏறும். அரிசி சேர்ப்பது குழம்பு சேர்ந்து நிற்பதற்கு, ஒரு தேக்கரண்டிக்கு மேல் போனால் ஆறியதும் களிம்பு மாதிரி உறையும்.

காய்களை ஒன்றாகக் கொட்டினால் பரங்கி கரைந்து சேனை வேகாமல் நிற்கும். சேம்பைத் தோலோடு தனியாக அவித்து உரித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குழம்பு கொழகொழவென்று ஆகும். சேனையையும் தனியாக, கொஞ்சம் புளித்தண்ணீரிலேயே வேகவைத்தால் நாக்கு அரிக்காது. மற்றவற்றில் மொச்சையும் கொத்தவரையும் முதலில், அவரையும் வாழைக்காயும் சர்க்கரைவள்ளியும் அடுத்து, கத்தரியும் பூசணியும் பரங்கியும் கடைசியில். எல்லாம் முக்கால் பதம் வெந்த பிறகுதான் புளி ஊற்ற வேண்டும். முன்னாலேயே ஊற்றினால் புளிப்பில் காய் இறுகி, அதற்குமேல் வேகாது. புளி பச்சை வாசனை போகக் கொதித்ததும் பருப்பு, அரைத்த விழுது, நெல்லிக்காயளவு வெல்லம். தாளிக்கக் கடுகும் கறிவேப்பிலையும் போதும்.

பாத்திரம் கல்சட்டியாக இருந்தால் நல்லது. அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் கொதிக்கும், அந்தக் கணக்கை மனதில் வைத்து முன்னதாகவே இறக்கிவிட வேண்டும். பித்தளையில் செய்கிறவர்கள் உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், பூச்சு தேய்ந்த பித்தளையில் புளி பட்டால் களிம்பேறும்.

நைவேத்தியம் ஆகும்வரை ருசி பார்க்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவு அளவும். உப்புதான் எல்லோரையும் கவிழ்ப்பது. ஒரு கிலோ காயும் பருப்பும் புளியும் சேர்ந்த குழம்புக்கு மட்டமாக 3 தேக்கரண்டி தூள் உப்பு போதும். காய் வேகும்போதே பாதியைப் போட்டுவிட்டு, மீதியை மறந்துபோகாமல் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைப்பது பழகியவர்கள் கை. கிண்ணம் காலியாக இருந்தால் உப்பு போட்டாயிற்று என்று அர்த்தம். நாலு பேர் நடமாடும் அடுக்களையில் இரண்டு முறை உப்பு விழாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

விரதம் இருப்பவர்கள் தரிசனம் முடிந்த பிறகே சாப்பிடுவார்கள் என்பதால் களியைக் கையோடு சிதம்பரத்துக்கு எடுத்துப் போகிற குடும்பங்கள் உண்டு. அப்படியானால் தேங்காயைப் பச்சையாகச் சேர்க்காமல் நெய்யில் பொன்னிறமாக வறுத்துச் சேர்க்க வேண்டும். பச்சைத் தேங்காய் போட்ட களி மாலைக்குள் ஊசிப்போகலாம். முழுக்க ஆறிய பிறகே டப்பாவை மூட வேண்டும், சூட்டோடு மூடினால் வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும். தாளகத்தை எடுத்துப் போவது சிரமம். அதற்குப் பதில் கீழவீதி, மேலவீதிப் பக்கம் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். அதுவும் நடராஜருக்குப் படைக்கிற உணவுதான்.

வீட்டில் மிஞ்சிய தாளகத்தை ராத்திரி ஒரு முறை கொதிக்கவைத்து மூடி வைத்தால் மறுநாள் சுண்டக் காய்ச்சலாம். காய்கள் மசிந்து, எள் வாசனை மேலேறி, சுடுசாதத்துக்கும் தோசைக்கும் முதல் நாளைவிடப் பொருந்தும். தரிசனத்துக்கு மறுநாள் நடக்கும் முத்துப் பல்லக்கு வீதியுலாவைப் பார்க்கத் தங்கிவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கலாம்.