‘கை’ என்றால் கடல்

தமிழில் ‘கை’ என்னும் ஓரெழுத்து ஒருமொழி உடலுறுப்பைக் குறிப்பதோடு நில்லாமல், கைமாறு, கைவிடுதல் என்று எங்கெங்கோ கிளைத்துப் படர்ந்திருக்கிறது. இதே ஒலி ஜப்பானிய மொழியில் சிப்பியையும், நியூசிலாந்தின் மாவோரியில் உணவையும், ஹவாய் மொழியில் கடலையும் குறிக்கிறது. பின்லாந்தின் பின்னிய மொழியில் அது ‘அநேகமாக’ என்று பொருள்படும். பண்டைக் கிரேக்கத்திலோ நம் ‘உம்’ இடைச்சொல்லின் வேலையைச் செய்தது.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டவுடன், கையால் உண்பதால்தான் மாவோரியில் உணவுக்கு அப்பெயர் வந்தது என்று விளக்கம் சொல்ல ஒருவர் கிளம்பிவிடுவார். அந்தச் சாமர்த்தியத்தை எந்த இரண்டு சொற்களிடமும் காட்டலாம் என்பதே அதன் குறை. ஹவாய் மொழியில் மெய்யொலிகள் எட்டே எட்டு. இவ்வளவு சிறிய கையிருப்பிலிருந்து குறுஞ்சொற்களை ஆக்கும்போது, அவற்றுள் சில பிற மொழிச் சொற்களோடு ஒலியில் மோதாமலிருந்தால்தான் வியப்பு.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது மாவோரியும் ஹவாய் மொழியும்தான். இரண்டும் பாலினீசியக் குடும்பத்து உறவுமொழிகள். ஆகவே அவற்றின் ‘கை’ இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் மாவோரியில் தகரமாக நிலைத்த பழைய ஒலி ஹவாயில் ககரமாகிவிட்டது: மூன்று என்பது மாவோரியில் ‘தொரு’, ஹவாயில் ‘கொலு’, விலக்கப்பட்டது என்பது அங்கே ‘தபு’, இங்கே ‘கபு’. அதே முறைப்படி மாவோரியின் ‘தை’ ஹவாயில் ‘கை’ ஆகிக் கடலைக் குறித்தது. பழைய ககரமோ ஹவாயில் தொண்டையை ஒருகணம் அடைத்துத் திறக்கும் ஒலியாகத் தேய்ந்ததால், மாவோரியின் உணவான ‘கை’ ஹவாயில் ஏறத்தாழ ‘ஐ’ என்றும், மீனைக் குறிக்கும் ‘இகா’ ஏறத்தாழ ‘இஆ’ என்றும் ஒலிக்கின்றன. ஒரே ஒலியுடைய இரண்டு சொற்கள் அந்நியர். வேறு ஒலியுடைய ‘தை’யும் ‘கை’யும் உடன்பிறப்புகள்.

திராவிட மொழிகளிலும் இதைக் காணலாம். காதைக் குறித்துக் கன்னடத்தில் ‘கிவி’ என நிற்கும் சொல் தெலுங்கிலும் தமிழிலும் ‘செவி’ ஆனதைப் போல, இ, எ போன்ற முன்னுயிருக்கு முன் நின்ற ககரம் சகரமாகித் தெலுங்கில் கையைக் குறிக்கும் ‘சேயி’ தோன்றியது. கேட்பதற்கு அயலாகத் தோன்றும் இந்தச் ‘சேயி’தான் நம் கைக்கு உறவு, எழுத்துப் பிசகாமல் ஒத்தொலிக்கும் ஜப்பானியச் சிப்பிக்கு அப்படியொரு தொடர்பைக் காட்ட, ‘கிவி–செவி’ போன்ற ஒரு வரிசைகூட இல்லை.