எவல்யூஷன் என்றால் பாய் விரிப்பது

பரிணாமத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள எவல்யூஷன் என்ற சொல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே ‘மெதுவாக’ என்பதும் இல்லை, ‘மாற்றம்’ என்பதும் இல்லை. லத்தீனில் ‘வோல்வெரே’ என்றால் உருட்டுதல், சுருட்டுதல். முன்னால் வரும் ‘எ’ வெளிப்பக்கத்தைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால் சுருட்டி வைத்ததை விரிப்பது. ரோமானியர் படித்த நூல்கள் பாப்பிரஸ் சுருள்கள். ஒரு கை அவிழ்த்துக்கொண்டே போக, மறு கை சுருட்டிக்கொண்டே வரும். கவிஞர்களின் நூல்களைப் படிப்பதற்கே ‘எவொலூஷியோ’ என்ற சொல்லை சிசரோ பயன்படுத்தியிருக்கிறார்.

இதே வேரில் கிளைத்தவைதான் ரெவல்யூஷன், ரிவால்வர், புத்தகத் தொகுதியைக் குறிக்கும் வால்யூம் எல்லாம். வோல்வோ கார்கூட இந்தக் குடும்பம்தான். ‘நான் உருள்கிறேன்’ என்று பொருள். ஸ்வீடனில் 1915இல் அந்தப் பெயரைப் பதிவு செய்தது பால் பேரிங்குக்காக.

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் படையணி விரிந்து, திரும்பி, இடம் மாறுவதற்கு எவல்யூஷன் என்று பெயர். கணக்கில் வர்க்கமூலம், கனமூலம் எடுப்பதற்கும் அதுவே பெயர். உயிரியலுக்குள் அது நுழைந்த வழிதான் விவகாரமானது. கருவுக்குள் குட்டி உயிர் முழு உருவத்தோடு ஏற்கெனவே இருக்கிறது, வளர்ச்சி என்பது அது விரிவது மட்டுமே என்று ஒரு கொள்கை இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஹாலர், பொனே போன்ற இயற்கை ஆய்வாளர்கள் அதற்குத்தான் எவல்யூஷன் என்று பெயரிட்டார்கள். பாயை விரிப்பது போல. பூவோ மயிலோ, நெய்தபோதே பாய்க்குள் வந்துவிட்டது. விரிக்கும்போது புதிதாக எதுவும் முளைப்பதில்லை.

டார்வின் சொன்னது இதற்கு நேர் எதிர். முன்கூட்டியே வரைந்து வைத்த கோலம் எதுவும் இல்லை. பிறக்கும் குட்டிகளுக்குள் சிறு சிறு வேறுபாடுகள், அவற்றில் எது பிழைத்து இனம் பெருக்குகிறதோ அது அடுத்த தலைமுறையில் கூடும். ‘மாற்றத்தோடு கூடிய வழிவழித் தோன்றல்’ என்ற பொருளில் ஒரு தொடரைத்தான் அவர் கையாண்டார். 1859இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ முதல் பதிப்பில் எவல்யூஷன் என்ற பெயர்ச்சொல் கிடையாது. அதன் வினை வடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது. சொல்லைப் பரப்பியதில் பெரும்பங்கு ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சருடையது. அவருக்கு எல்லாமே எளிமையிலிருந்து சிக்கலுக்கு ஏறும் முன்னேற்றம். அந்த வாசனை இன்னும் சொல்லை விட்டுப் போகவில்லை. டார்வினும் 1871, 1872 வாக்கில் ஊரோடு ஒத்துப்போய்விட்டார்.

தமிழில் நாம் எடுத்துக்கொண்ட ‘பரிணாமம்’ வடமொழியிலிருந்து வந்தது. பால் தயிராவதுதான் அதற்குச் சாங்கியர் என்ற பழைய இந்தியத் தத்துவப் பிரிவினர் காட்டும் உதாரணம். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கணக்கில் காரியம் காரணத்துக்குள் முன்பே ஒளிந்திருக்கிறது, எள்ளுக்குள் எண்ணெய் போல. சுற்றி வளைத்து அதே பாய்க்குத்தான் வந்து சேர்கிறோம்! இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘கூர்ப்பு’ தொல்காப்பியச் சொல்: ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’. புதிதாக வந்து ஒட்டாமல், இருப்பதே மிகுவது. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் ‘சிறக்கும்’ என்பதை ‘மேம்படும்’ என்று படித்தால் இதுவும் வழுக்கும்.

அதைவிடப் பெரிய வழுக்கல் ‘பரிணாம வளர்ச்சி’. வளர்ச்சி என்ற வால் எதற்கு? மெக்சிகோவின் குகை மீனைப் பாருங்கள். அதே இனம் வெளியே ஆற்றில் கண்ணோடு நீந்துகிறது. இருட்டுக் குகையில் வாழும் மீனுக்கும் கருவில் கண் உருவாகத் தொடங்கத்தான் செய்கிறது. பிறகு சிதைந்து, மேலே தோல் மூடிவிடுகிறது. கண்ணை இழந்ததும் பரிணாமமே. நாடாப்புழு குடலையே இழந்துவிட்டது. இதையெல்லாம் வளர்ச்சி என்று எப்படி எழுதுவது? ‘பரிணாமம்’ என்று நிறுத்திக்கொண்டால் போதும்.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். ஒரு தனி உயிர் பரிணமிப்பதில்லை. கூட்டம்தான், தலைமுறை தாண்டிப் பரிணமிக்கும். புழு பட்டாம்பூச்சியாவது உருமாற்றம். போக்கிமான் விளையாட்டில் நடப்பதும் அதுதான், அதற்கு எவல்யூஷன் என்று வைத்த பெயர்தான் தப்பு. ‘மெதுவாக’ என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது. நல்ல சூழலில் ஈ.கோலை பாக்டீரியா சுமார் 20 நிமிடத்தில் இரட்டிக்கிறது. மருந்தை எதிர்க்கும் வகை சில நாளிலேயே தலையெடுத்துவிடலாம்.

மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்குமிடம் வேதியியல். துத்தநாகத்தில் அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் ‘எவால்வ்’ ஆகும் என்று ஆங்கிலப் பாடநூல் சொல்லும். அது குமிழி விட்டு வெளியேறுவது, அவ்வளவுதான். ‘ஹைட்ரஜன் பரிணமிக்கிறது’ என்று எழுதினால் சோதனைக்குழாய்க்குள் டார்வினை இறக்கிவிட்ட மாதிரி. வெப்பத்துக்கும் ‘வெளிப்படுகிறது’தான். விண்மீன் பற்றி எவல்யூஷன் என்று வரும்போது, விரிதல் என்ற பழைய பொருள் ஓரளவு பொருந்தும். அங்கே தலைமுறையோ தேர்வோ இல்லை. ஒரே விண்மீன், பிறக்கும்போது இருந்த நிறைதான் பெரும்பாலும் அதன் ஆயுளையும் முடிவையும் தீர்மானிக்கிறது. அங்கே ‘விண்மீனின் வாழ்க்கைப் போக்கு’ என்று எழுதலாம்.