படிக வளர்ச்சி பேப்பர்: அந்த எல்லைக்கோட்டை முதலில் வரையுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. அரியர் பேப்பர் என்று சீனியர்கள் பயமுறுத்திய படிக வளர்ச்சி எலெக்டிவில் நல்ல கிரேடு. மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே பழக்கம்தான். உருகலிலிருந்து, அதாவது உருக்கிய பொருளிலிருந்து, படிகம் வளர்ப்பது பற்றி எந்த 13 மார்க் கேள்வி வந்தாலும், திண்மமும் திரவமும் சந்திக்கும் எல்லையை முதலில் பெரிதாக வரைவேன். மேலே படிகம், கீழே உருகிய சிலிக்கான், நடுவில் லேசாக வளைந்த கோடு. பக்கத்தில் இரண்டு கணக்கு: வெப்பம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, மாசு எவ்வளவு படிகத்துக்குள் நுழைகிறது. உலையின் படத்தை அழகாக வரைந்து இருபது பாகங்களுக்குப் பெயர் எழுதுவதைவிட இதற்குத்தான் மார்க். இன்டர்னலில் ஒருவர் இந்தப் பாணிக்கு மார்க்கைக் குறைத்துக்கொண்டே இருந்தார், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. செமஸ்டர் தேர்வில் அதே பாணிதான் காப்பாற்றியது. மனப்பாடம் நன்றாக வருபவர்களுக்கு வேறு வழி இருக்கலாம். எனக்குக் காரணம் புரிந்தால்தான் பேனா ஓடும்.

வெப்பக் கணக்கைப் பாருங்கள். உறையும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம், உருகலிலிருந்து வரும் வெப்பம், இரண்டும் படிகத்தின் வழியாக மேலே போயாக வேண்டும். விதைப் படிகத்தை உருகலில் தொட்டு மேலே இழுத்துத்தான் வளர்க்கிறார்கள், ஆனால் படிகம் கடத்தக்கூடிய அளவைத் தாண்டி வேகமாக இழுக்க முடியாது. உருகல் பக்கத்து வெப்பச் சரிவைப் பூஜ்யம் என்று வைத்தால் அதிகபட்ச இழுவேகத்தின் சூத்திரம் தானாக வந்து நிற்கும்.

மாசுக் கணக்கில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். கேள்வியில் தருவது படிகத்தில் வேண்டிய செறிவு. உருகலில் இருக்க வேண்டியது அதை கே-நாட்டால் (எல்லையில் படிகத்தில் உள்ள மாசுச் செறிவுக்கும் உருகலில் உள்ளதற்கும் உள்ள விகிதம்) வகுத்தால் வருவது. போரானுக்கு 0.8, பாஸ்பரசுக்கு 0.35. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 50 கிலோ சிலிக்கான், படிகத்தின் தலையில் (முதலில் உறையும் முனையில்) கன செ.மீ.க்கு 10-இன் 16-ஆம் அடுக்கு போரான் அணுக்கள் வேண்டும். உருகிய சிலிக்கானின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.53 கிராம் என்று எடுத்தால் விடை சுமார் 4.4 மில்லிகிராம். ஐம்பது கிலோவுக்கு இவ்வளவுதானா என்று சந்தேகப்பட்டு விடையை அடித்துவிடாதீர்கள், அது சரிதான்.

அப்புறம் நீளவாக்கில் செறிவு மாறும் வரைபடம். உருகலில் 90 சதவீதம் உறைந்தபோது போரான் தலையில் இருந்ததைப் போல 1.6 மடங்கு, பாஸ்பரஸ் 4.5 மடங்கு. இந்த இரண்டு வளைகோடுகளையும் ஒரே படத்தில் போட்டுவிட்டால், ஒரே இங்காட்டில் (வளர்த்த படிக உருளையில்) வெட்டிய வேஃபர்களின் (மெல்லிய தகடுகளின்) மின்தடை ஏன் தலைக்கும் வாலுக்கும் மாறுகிறது என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. கே-எஃபெக்டிவ் (வளரும்போது நடைமுறையில் அமையும் கே) கேட்டால் எல்லையை ஒட்டிய மெல்லிய படலத்தையும் அதே படத்தில் சேர்த்துவிடுங்கள். இழுவேகம் கூடக்கூட கே-எஃபெக்டிவ் 1-ஐ நோக்கிப் போகும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்.

டாஷ் கழுத்து, அதாவது விதைக்கு அடுத்து மெலிதாக வளர்க்கும் பகுதி, பற்றி ஒன்று. எங்கள் துறை அலமாரியில் ஒரு சிலிக்கான் இங்காட் துண்டு இருக்கிறது. நகத்தால் தடவினால் பக்கவாட்டில் நான்கு மேடுகள் தட்டுப்படும், 90 பாகைக்கு ஒன்றாக. 100 என்ற படிகத் திசையில் வளர்ந்ததற்கு அடையாளம் அது. வளரும்போதே அந்த மேடுகள் மறைந்தால் டிஸ்லொகேஷன் (அணு அடுக்கில் கோடாக ஓடும் குறை) நுழைந்துவிட்டது என்று அர்த்தம். அது நுழையாமல் இருக்கத்தான் தொடக்கத்தில் சுமார் 3 மி.மீ. தடிமனுக்குக் கழுத்தை மெலிதாக்கி வேகமாக இழுக்கிறார்கள். நழுவுதளங்கள் (அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் தளங்கள்) இழுக்கும் திசைக்குச் சாய்வாக இருப்பதால் டிஸ்லொகேஷன்கள் பக்கச் சுவரில் போய் முடிந்துவிடும். இந்தக் கடைசி வரியை எழுதாமல் ‘மெலிதாக்கினால் குறை போய்விடும்’ என்று விட்டால் பாதி மார்க்தான்.

மற்றவை சுருக்கமாக:

- 2 மார்க் வரலாறு: இந்த இழுத்து வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்த சோக்ரால்ஸ்கி, பெர்லின், 1916, உருகிய வெள்ளீயம், கட்டுரை வெளிவந்தது 1918. பெல் ஆய்வகத்தில் டீல், லிட்டில் இருவரும் ஜெர்மானியத்துக்கு இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். ஸோன் ரீஃபைனிங் (உருகிய பட்டையை நகர்த்தி மாசை ஒதுக்கும் முறை), ஃபான், 1952.
- ஆக்சிஜன்: குவார்ட்ஸ் மூசை கரைவதால் வருகிறது. பெரும்பகுதி சிலிக்கான் மோனாக்சைடாக ஆவியாகி ஆர்கானோடு போய்விடும். மீதி படிகத்துக்குள். அதைக் கெடுதல் என்று மட்டும் எழுதாதீர்கள், அதன் வீழ்படிவுகள் உலோக மாசுகளைப் பிடித்துவைப்பதையும் சொல்லுங்கள்.
- ஃப்ளோட் ஸோன் (தண்டின் ஒரு பகுதியை மட்டும் உருக்கி நகர்த்தும் முறை): மூசை இல்லை, ஆகவே ஆக்சிஜன் மிகக் குறைவு, மின்தடை அதிகம், பவர் டிவைஸ்களுக்கு ஏற்றது. உருகிய பகுதியைத் தாங்குவதில் பரப்பு இழுவிசையின் பங்கைக் கட்டாயம் எழுதுங்கள்.
- பிரிட்ஜ்மன் (மூசைக்குள்ளேயே உருகலை மெல்ல உறையவைக்கும் முறை): மூசைச் சுவர் படிகத்தைத் தொடுவதால் வரும் தகைவு. அதையும் எல்லைப் படத்திலேயே காட்டலாம்.
- கேலியம் ஆர்சனைடு: 1238 டிகிரியில் உருகும்போது ஆர்சனிக் ஆவியாக ஓடப் பார்க்கும். மேலே உருகிய போரான் ஆக்சைடு ஒரு படலமாக மூடிக்கொள்ள, அதற்கும் மேலே மந்த வாயுவின் அழுத்தம். விதைப் படிகம் அந்தப் படலத்தின் வழியாகத்தான் உள்ளே இறங்கும். அதைப் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.