அடித்தண்ணீர்

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரத்தில் இருப்பதால் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். 2003ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாங்களும் மொட்டை மாடி நீரை மண்ணுக்குள் இறக்கக் குழி வெட்டினோம். சில ஆண்டுகள் கழித்து, சோறு வடிக்கவும் குடிக்கவும் அந்த நீரையே பயன்படுத்த எண்ணி 2000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வைத்தோம். சென்ற புரட்டாசியில் சமையலறையை விரிவுபடுத்த வேண்டி, ஐப்பசி மழைக்கு முன்பே அந்தத் தொட்டியை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இருந்த நீரைக் குழாய் வழியே பிடித்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் குடம் குடமாகக் கொடுத்தோம். குழாயில் சொட்டு நின்றதும் தொட்டி காலியாகிவிட்டது என்றே நம்பினேன். குழாய் அடிமட்டத்துக்குச் சற்று மேலேதான் பொருத்தப்பட்டிருந்தது. வண்டல் குழாய்க்குள் வராமல் இருப்பதற்காக அப்படி வைப்பார்கள். அந்த மட்டத்துக்குக் கீழே நிற்கும் நீரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. வேலைக்கு வந்திருந்த கொத்தனார், "சார், அடியில தண்ணி கெடக்கு. கடப்பாரைய குடுத்து குழாய்ப் பக்கமா சாய்ச்சா வடிஞ்சிரும்" என்றார். நானும் சரியென்று சொல்லிவிட்டேன். ஒரு பக்கம் நெம்பியவுடன் உள்ளிருந்த நீர் முழுவதும் மறுபக்கத்துக்குப் பாய்ந்தது. அந்த வேகத்தில் தொட்டி மேடையின் மேல் நான்கு விரற்கடை வழுக்கிச் சென்றது, வெளியே போகும் பிவிசி குழாய் 'டொக்'கென்று முறிந்தது. மேடையின் விளிம்பில் நின்ற பையன் சட்டென்று விலகியதால் காலில் அடிபடாமல் தப்பினான். அதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

அதன் பிறகே அளந்து பார்த்தேன். நீண்ட மூங்கில் குச்சியை வாய் வழியே இறக்கி எடுத்தபோது, நுனியிலிருந்து 11 சென்டிமீட்டர் வரை ஈரம் ஏறியிருந்தது. கீழ்நுனியில் சந்தனக் குழம்பைப் போல நைசான வண்டல் ஒட்டியிருந்தது. தொட்டியின் குறுக்களவு நாலரை அடி, அதாவது 137 சென்டிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 14.7 லிட்டர், மொத்தம் சுமார் 160 லிட்டர், எடையில் 160 கிலோ. மூட்டையாக இருந்தால் ஓரிடத்தில் கிடக்கும். தண்ணீரோ நாம் எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து, சாய்வை மேலும் கூட்டும். பெரிய தொட்டியை நகர்த்துவதில் இதைவிட ஆபத்தான விஷயம் வேறில்லை என்பது என் கருத்து.

வாய் ஐந்தடி உயரத்தில் இருந்ததால் கையால் மொண்டு இறைக்க முடியாது. எனவே முக்கால் அங்குல ஹோஸ் ஒன்றை இருபதடி நீளத்துக்கு வெட்டி, அதனுள் மழைநீரையே நிரப்பி, இரு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, ஒரு முனையைத் தொட்டிக்குள் நீருக்கடியில் இறக்கிவிட்டு மறுமுனையைத் தரையில் இருந்த குடத்துக்குள் விட்டோம். வாயால் உறிஞ்சித் தொடங்குவதை நான் அனுமதிக்கவில்லை. மாடியில் இருந்த பறவை எச்சம், தூசி எல்லாம் கடைசியில் அந்த அடிநீரில்தான் தங்கியிருக்கும். முதல் முயற்சியில், குனிய வேண்டாமென்று குடத்தைச் சமையலறைப் படியில் வைத்ததால் ஓட்டம் நின்றுவிட்டது. தொட்டியில் உள்ள நீர்மட்டத்தைவிட வெளிமுனை தாழ்ந்திருந்தால்தான் நீர் ஏறி இறங்கி ஓடும். படியோ ஏறத்தாழ அதே உயரத்தில் இருந்தது. குடத்தைத் தரைக்கு இறக்கியதும், இரண்டடி மேடை கொடுத்த இறக்கத்தில் ஒரு குடம் நிறைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உள்முனை மிதந்து காற்றை இழுக்காமலிருக்க, அதை மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டினோம். முனை குச்சியின் அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரே நின்றதால் வண்டலும் கலங்கவில்லை. எட்டுக் குடம் தெளிந்த நீர் கிடைத்தது. அதைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டோம்.

மீதி நாற்பது லிட்டரளவே இருந்தபோது ஹோஸ் காற்றை உறிஞ்சத் தொடங்கியது. அந்த எடை ஆட்களுக்கு அடங்கும் என்பதால், தரையில் பழைய சாக்குகளை விரித்து, நால்வர் மெதுவாக இறக்கிப் பக்கவாட்டில் கிடத்தி, அடிப்பகுதியைச் சற்றுத் தூக்கியதும் வண்டலோடு நீர் வாய் வழியே வழிந்தது. அதை முருங்கையடியில் காய்ந்த மண்ணில் ஊற்றினோம். கொசுப்புழு இருந்தாலும் காய்ந்த மண்ணில் பிழைக்காது. சாக்கடையில் தேங்கவிட்டிருந்தால் கொசுவுக்கு நாமே இடம் கொடுத்ததாகும். டெங்குக் கொசுவின் முட்டைகள் சுவரில் ஒட்டி, நீரின்றிப் பல மாதங்கள் தாங்கும் என்பதால், உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவிய பிறகே வெயிலில் காயவைத்தோம்.

புதிய மேடை சமமாக இருக்கிறதா என்று மட்டக்கோல் வைத்துப் பார்த்தே தொட்டியை ஏற்றினோம். நிரம்பினால் இரண்டு டன் அதன் மேல் நிற்கும். முறிந்த குழாய்க்குப் பதிலாக, அடுத்த முறை அறுக்காமலே கழற்றும்படி யூனியன் என்னும் திருகு இணைப்பை வைத்துப் பொருத்தச் சொன்னேன். அன்றிரவே வாய்க்கு நைலான் வலையை இழுத்துக் கட்டினேன்.